விடையும் வழியும்: மின்னியக்கவியல் கணக்குகள் உணர்த்தும் பாடம்

நூல்களுள் படித்து முடிக்கத்தக்கவை ஒரு வகை; செய்து முடிக்கத்தக்கவை மற்றொரு வகை. கதையைப் படித்து முடிக்கலாம். இலக்கணமும் கணக்கும் அவ்வாறு முடிவன அல்ல. நூற்பாவை மனனம் செய்துவிட்ட மாணவன் இலக்கணம் கற்றவன் ஆகிவிடமாட்டான். முன்பின் அறியாத ஒரு தொடரைக் கையில் கொடுத்தால், அதைப் பிரித்து, புணர்ச்சி காட்டி, முடிபு சொல்ல வல்லவனே கற்றவன். இயற்பியலில் இவ்வுண்மையை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் நூல் ஒன்று உண்டு. ஜான் டேவிட் ஜாக்சன் எழுதிய 'கிளாசிக்கல் எலெக்ட்ரோடைனமிக்ஸ்' என்பது அதன் பெயர். செவ்வியல் மின்னியக்கவியல் எனத் தமிழில் சொல்லலாம்.

இந்நூலைத் தமிழாசிரியர்கள் படிக்கும் பக்கத்தில் ஆராய்வது எதற்கு என்ற கேள்வி எழலாம். நூலின் பொருள் மின்சாரமும் காந்தமும் ஆயினும், அதனால் எழும் சிக்கல் கற்றல் கற்பித்தலைச் சார்ந்தது. விடை பெரிதா, வழி பெரிதா என்பதே அச்சிக்கல். அது தோட்டப் பள்ளியின் ஒன்றாம் ஆண்டு வகுப்பிலும் உண்டு. பல்கலைக்கழகத்தின் மேற்பட்ட வகுப்பிலும் உண்டு.

நூலின் அமைப்பு

ஜாக்சன் 1925இல் கனடாவில் பிறந்தவர், 2016இல் மறைந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்திலும் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் நடத்திய பாடங்களை அடிப்படையாகக் கொண்டு இந்நூலை எழுதினார். முதற்பதிப்பு 1962இலும் இரண்டாம் பதிப்பு 1975இலும் வந்தன. மூன்றாம் பதிப்பு 1998இல் வெளிவந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் குழு ஒன்று எடுத்த கணக்கின்படி, ஆராயப்பட்ட 80 பல்கலைக்கழகத் துறைகளுள் 76 துறைகள் முதலாண்டு மேற்பட்ட மாணவர் அனைவரும் இந்நூலைக் கொண்ட பாடத்தை முடிக்க வேண்டும் என விதித்திருந்தன. ஒரு துறையில் ஒரே நூல் இத்துணை ஆட்சி செலுத்துவது அரிது.

இந்நூலின் உயிர் ஒவ்வோர் இயலின் இறுதியிலும் அமைந்துள்ள கணக்குகளில் இருக்கிறது. அவற்றுக்கு நூலில் விடைப்பகுதி இல்லை. ஆயினும் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பல கணக்குகளில் அடைய வேண்டிய முடிவு கேள்வியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்ன முடிவு வரும் என்பதை நிறுவுக என்றே ஆசிரியர் கேட்கிறார். விடை முன்னமே கையில் இருக்கிறது, கேட்கப்படுவது வழி. விடையை மட்டும் தேடி வருபவனுக்கு அங்கே தேட ஒன்றும் இல்லை.

இதற்கு மாறான மரபும் உண்டு. ரஷ்ய அறிஞர்கள் லாண்டாவும் லிஃப்ஷிட்சும் தம் நூல்களில் பகுதிதோறும் கணக்கு வைத்து, அதன் அடியிலேயே தீர்வையும் எழுதிவிடுவர். நூற்பாவும் உரையும் ஒரே ஏட்டில் கிடப்பது போன்றது அது. ஜாக்சனின் முறையோ உரையின்றி மூலத்தை மட்டும் மாணவன் கையில் கொடுப்பது. இரண்டிலும் நன்மை உண்டு. உரையோடு கூடிய மூலம் நல்லறிஞனின் நடையைக் காட்டும். உரையில்லா மூலம் மாணவனைத் தன் காலால் நடக்கச் செய்யும்.

அணுவின் நடுவே ஒளிந்த மின்னூட்டம்

பொதுப்படக் கூறுவது போதாது; ஒரு கணக்கையாவது எடுத்துப் பார்த்தல் வேண்டும். மூன்றாம் பதிப்பின் முதல் இயலில் ஐந்தாம் கணக்கு ஹைட்ரஜன் அணுவைப் பற்றியது. மின்னூட்டச் சமநிலை உடைய ஹைட்ரஜன் அணுவைச் சுற்றி மின்னழுத்தம் சராசரியாக எவ்வாறு அமைந்துள்ளது என்பது கொடுக்கப்படுகிறது. மையத்திலிருந்து விலக விலக அது மிக விரைவாகத் தேய்கிறது. அத்தகைய மின்னழுத்தத்தைத் தரும் மின்னூட்டம் எங்கெங்கே, எவ்வளவு உள்ளது என்று கண்டுபிடித்து, அதன் பொருளையும் விளக்க வேண்டும்.

மாணவன் செய்வது யாது? விதி அவனுக்குத் தெரியும். மின்னழுத்தத்தை இருமுறை வகையீடு செய்தால் மின்னூட்டச் செறிவு கிடைக்கும். அவ்வாறே செய்கிறான். மையத்தைச் சூழ்ந்து, வெளியே செல்லச் செல்லத் தேயும் எதிர் மின்னூட்ட மேகம் ஒன்று கிடைக்கிறது. அதுவே எலெக்ட்ரான். கணக்கு முடிந்தது என்று எண்ணி, கோடு கிழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறான்.

முடியவில்லை. அந்த மேகத்தை முழுவதும் கூட்டிப் பார்த்தால் சரியாக ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம் வருகிறது. ஆனால் கேள்வியிலேயே அணு சமநிலை உடையது என்று சொல்லப்பட்டுள்ளது. அப்படியானால் அதற்கு ஈடான நேர் மின்னூட்டம் எங்கே? புரோட்டான் எங்கே போயிற்று? கணக்கில் எந்தப் படியிலும் பிழை இல்லை. ஆயினும் அணுவின் பாதி காணாமற் போய்விட்டது.

அது ஒளிந்திருக்கும் இடம் மையப் புள்ளி. கொடுக்கப்பட்ட மின்னழுத்தம் அப்புள்ளியில் எல்லையற்றுப் பெருகுகிறது. அங்கே வகையீட்டு விதி செல்லாது. விதி செல்லாத இடத்தில் விதியைச் செலுத்தியதால் புரோட்டான் மறைந்தது. மையத்தைச் சுற்றி மிகச் சிறிய கோளம் ஒன்றைக் கற்பித்து, அதன் பரப்பின் வழியே வெளியேறும் மின்புலத்தைக் காஸ் விதியால் அளந்தால், கோளம் எவ்வளவு சிறுத்தாலும் உள்ளே ஒரு புரோட்டானின் மின்னூட்டம் இருப்பது தெரியவரும். டிராக் என்ற அறிஞர் வகுத்த டெல்டாச் சார்பு இத்தகைய புள்ளி மின்னூட்டத்தை எழுதுவதற்கு உரிய குறியீடாகும்.

இங்கே எண்ணத்தக்கது ஒன்று. அணு சமநிலை உடையதா என்ற கேள்வியை எழுப்ப உயர்கணிதம் எதுவும் வேண்டா. வரவும் செலவும் ஒத்துவருகின்றனவா என்று கணக்கப்பிள்ளை பார்ப்பது போன்றதே அது. அக்கேள்வியை எழுப்பிய மாணவன் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறான். கண்டபின் அவன் வாழ்நாள் முழுதும் மறவான். விடைநூலைப் பார்த்து எழுதிய மாணவனின் தாளிலோ புரோட்டான் முதலிலேயே உரிய இடத்தில் அமைந்துவிடுகிறது. அது ஒருமுறை தொலைந்திராத காரணத்தால், ஏன் அங்கே இருக்கிறது என்பது அவனுக்கு எக்காலத்தும் தெரியவராது. மதிப்பெண் இருவர்க்கும் ஒன்றே. அறிவு ஒன்றன்று.

ஆறாம் ஆண்டுக் கணக்கில் அடங்கும் சோதனை

மற்றொரு கணக்கு, இரண்டாம் இயலின் பொருளைச் சார்ந்தது. நிலத்தோடு இணைக்கப்பட்ட உலோகக் கோளம் ஒன்று. அதற்கு வெளியே ஒரு புள்ளி மின்னூட்டம். உலோகத்தின் பரப்பில் மின்னூட்டம் எவ்வாறு பரவும், வெளியில் மின்னழுத்தம் எவ்வாறு அமையும் என்று காண வேண்டும். நேரே தாக்கினால் இது கடினமான கணக்கு. 1840களில் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், இதற்கு வியக்கத்தக்க வழி ஒன்றைக் கண்டார். கோளத்தை எடுத்துவிட்டு, அதன் உள்ளே தக்க இடத்தில் தக்க அளவுள்ள எதிர் மின்னூட்டம் ஒன்றைக் கற்பனையாக வைத்தால், வெளியில் உள்ள நிலைமை சற்றும் மாறாது. கண்ணாடியில் தோன்றும் நிழலுரு போன்றதாகலின் இதனைப் பிம்ப முறை என்பர்.

கோளத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் 1 அளவுள்ள மின்னூட்டம் இருக்கட்டும். பிம்பம் அமையும் இடம் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர், அதன் அளவு அரை, குறி எதிர்க்குறி. இது சரியா என்று எவ்வாறு அறிவது? நிலத்தோடு இணைந்த கோளத்தின் பரப்பில் மின்னழுத்தம் சுழியாக இருத்தல் வேண்டும். மின்னூட்டத்தைத் தூரத்தால் வகுத்தால் மின்னழுத்தத்தின் அளவு வரும். மின்னூட்டத்திற்கு அருகில் உள்ள பரப்புப் புள்ளியை எடுத்துக்கொண்டால், வெளி மின்னூட்டம் 10 சென்டிமீட்டரிலும் பிம்பம் 5 சென்டிமீட்டரிலும் உள்ளன. பத்தில் ஒன்று, அதிலிருந்து ஐந்தால் வகுத்த அரை, அதாவது பத்தில் ஒன்று கழிய, மிச்சம் சுழி. எதிர்ப்பக்கப் புள்ளியில் தூரங்கள் 30, 15. முப்பதில் ஒன்றிலிருந்து முப்பதில் ஒன்று கழிய, அங்கும் சுழி.

மேற்பட்ட வகுப்புக்கு உரிய கணக்கின் விடையை ஆறாம் ஆண்டுப் பின்னக் கணக்கால் சோதித்துவிட முடிகிறது. வழியைக் கண்டவர் ஓர் அறிஞர். சோதிக்கும் உரிமையோ எல்லார்க்கும் உரியது. அறிவியலில் 'பெரியவர் சொன்னார்' என்பது சான்று ஆகாமைக்குக் காரணம் இதுவே. தாழ்ந்த வகுப்பில் பின்னத்தைத் தெளிவாகக் கற்பித்த ஆசிரியர், தாம் அறியாமலே இவ்வுரிமையை மாணவனுக்கு வழங்கியிருக்கிறார்.

கிருஷ்ணன் திருப்பிய படிகம்

இத்தகைய கணக்குகள் வெறும் மூளைப் பயிற்சி என்று கருதுவாரும் உளர். அவர்களுக்குத் தக்க விடை வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனின் வாழ்வில் இருக்கிறது. ராமனோடு சேர்ந்து 1928இல் ஒளிச்சிதறல் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர் என்ற அளவில் பலர் அவரை அறிவர். தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த அப்பெரியார், அதன் பின் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார்.

படிகத்தின் ஒரு திசையில் காந்தமாகும் தன்மை மிகுதியாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் இருக்கும். அவ்வேறுபாடு மிகச் சிறிது. அதனை அளப்பது எவ்வாறு? கிருஷ்ணன் கையாண்ட முறை எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைக் கட்டி, சீரான காந்தப்புலத்தின் நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்கு உகந்த திசையைப் புலத்தோடு ஒட்டி நிறுத்திக்கொள்ளும். பிறகு இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்க வேண்டும். இழை திருப்ப முயலும், புலம் தடுக்கும். படிகம் சிறிது சிறிதாகவே திரும்பும். ஏறத்தாழ 45 பாகையைக் கடந்தவுடன் அது திடீரென்று புரண்டுவிடும். புரண்ட அந்நேரத்தில் மேல்நுனி எவ்வளவு முறுக்கப்பட்டிருந்தது என்ற ஒரே அளவிலிருந்து காந்தப் பண்பின் வேறுபாட்டைக் கணித்துவிடலாம்.

ஏன் 45 பாகை? புலம் தடுக்கும் திருப்புவிசை கோணத்தின் இருமடங்கினது சைன் அளவுக்கு ஏற்ப அமைகிறது. 45இன் இருமடங்கு 90. அங்கே சைன் உச்சத்தை அடைகிறது. உச்சத்தைத் தாண்டியபின் தடுப்பு தளர்கிறது. ஆகவே முறுக்கேறிய இழை வென்றுவிடுகிறது. மின்னியக்கவியல் பாடத்தில் மாணவர்க்குக் கொடுக்கத்தக்க ஒரு பயிற்சிக் கணக்கே இது. மாணவன் அதைத் தாளில் முடித்து வைப்பான். கிருஷ்ணன் அதைக் கருவியாக்கினார். அசைவின்மைக்கும் புரள்வுக்கும் இடையே உள்ள எல்லையை அளவுகோலாகக் கொண்டார். கணக்கின் வழியை உள்ளும் புறமும் அறிந்தவர்க்கே இது கைகூடும். விடையை மட்டும் அறிந்தவர்க்கு 45 என்பது ஓர் எண், அவ்வளவே.

இளமையில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் செய்முறை உதவியாளராய்ப் பணியாற்றியபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவர்களோடு அவர் கலந்துரையாடுவது வழக்கம். இயற்பியல், கணிதம், வேதியியல் என எத்துறையிலும் ஐயம் கேட்கலாம். பிற கல்லூரி மாணவரும் அங்கு வந்து கூடினர். பாடத்திட்டமோ தேர்வோ அக்கூட்டத்துக்கு இல்லை. கணக்கு வாழ்வது இத்தகைய இடத்தில்தான்.

சந்திரசேகர் கண்ட வழி

இரண்டாம் சான்று சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்றவர். அவர்தம் அன்னையார் சீதாலட்சுமி இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். எண்பது வயதைக் கடந்த நிலையில் சந்திரசேகர் மேற்கொண்ட இறுதிப் பணி, நியூட்டனின் 'பிரின்சிபியா'வைப் பொது வாசகர்க்கு விளக்குவது. அந்நூல் 1995இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மறைந்தார்.

அவர் நியூட்டனைப் படித்த முறை கருதத்தக்கது. நியூட்டன் நிறுவப் புகும் கூற்றை மட்டும் முதலில் படிப்பார். நிறுவலைப் பார்க்கமாட்டார். தாமே முதலிலிருந்து அதை நிறுவுவார். அதன் பின்னரே நியூட்டனின் நிறுவலை வரிவரியாகத் தொடர்ந்து, தம் வழியோடு ஒப்பிடுவார். நியூட்டனின் வழி சுருக்கத்தாலும் அழகாலும் தம் வழியை விஞ்சிநிற்பது கண்டு வியந்தும் எழுதினார். உலகப் பரிசு பெற்ற முதியவர் ஒருவர் முந்நூறு ஆண்டுக்கு முற்பட்ட நூலின் முன் மாணவனாக அமர்ந்து வீட்டுக்கணக்குச் செய்திருக்கிறார். இதைவிடச் சிறந்த கற்றல் நெறி யாது?

அந்நூலுக்கும் இக்கட்டுரையின் பொருளுக்கும் வேறோர் உறவும் உண்டு. உள்ளீடற்ற கோள ஓட்டின் உள்ளே எங்கு வைத்தாலும் ஒரு பொருளின்மேல் ஈர்ப்பு இல்லை என்று நியூட்டன் நிறுவினார். தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் விசை குறைவதே அதற்குக் காரணம். மின்விசைக்கும் அதே விதி பொருந்துமா என்று 1770களில் கேவண்டிஷ் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த கோளங்களைக் கொண்டு சோதித்தார். 1879இல் மேக்ஸ்வெல் அதை அச்சிட்டு உலகுக்கு அறிவித்தார். மேலும், நியூட்டனின் முதற் பகுதியில் 82ஆம் கூற்று, கோளத்தின் உள்ளே ஒரு புள்ளியையும் வெளியே ஒரு புள்ளியையும் இணைக்கிறது. மையத்திலிருந்து அவ்விரண்டின் தூரங்களைப் பெருக்கினால் ஆரத்தின் இருமடி வரும். மேலே கண்ட பிம்பக் கணக்கில் 5ஐ 20ஆல் பெருக்கினால் 100; அது 10இன் இருமடி. கெல்வினின் பிம்பம் நிற்கும் இடம் நியூட்டனின் வடிவியலில் முன்னரே குறிக்கப்பட்ட இடமாகும். ஈர்ப்புக் கணக்கைத் தானே செய்து பார்த்தவன் மின்கணக்கைக் காணும்போது, பழகிய முகத்தைக் கண்டது போல அடையாளம் காண்பான்.

சந்திரசேகரின் நூல் குறையற்றதன்று. நியூட்டனைப் பற்றிய வரலாற்று ஆராய்ச்சிகளை அவர் பொருட்படுத்தவில்லை என்று வரலாற்றறிஞர்கள் குறைகூறினர். அக்குறை உண்மையே, பழைய வடிவியல் நிறுவல்களை அவர் இக்காலச் சமன்பாடுகளின் உடையில் காட்டியதால், நியூட்டனின் காலம் மங்கித் தோன்றுகிறது. ஆயினும் வரலாறு எழுதுவது அவர் நோக்கமன்று. மூலத்தோடு ஒரு கற்போன் தனித்து நின்று மல்லாடிய பதிவு அது. அந்த அளவில் அதற்கு ஈடு காண்பது அரிது.

நன்னூலின் பங்கீடு

தமிழ் மரபு இதற்குப் புறம்பானதன்று. பாடம் கேட்கும் முறையை வகுத்த பவணந்தியார், ஆசிரியர் சொன்னதை முழுதும் ஏற்றுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால்பங்கு என்றார். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வரும். கிருஷ்ணனின் நண்பகற் கூட்டமும் சந்திரசேகரின் நியூட்டன் விளக்கமும் இப்பங்கீட்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. விடைநூலைப் பார்த்து எழுதுவதற்கு நன்னூல் எப்பங்கும் ஒதுக்கவில்லை.

ஆனால் மரபின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் வெண்பாவில் அமைந்த இனிய கணக்கு நூல். பலாப்பழத்தை அறுக்காமலே முள்ளை எண்ணிச் சுளையின் தொகை காணும் வாய்பாடு அதில் உண்டு. வாய்பாடு இருக்கிறது, அது ஏன் பொருந்தும், எப்போது பொருந்தாது என்ற விளக்கம் இல்லை. மனனத்துக்கு ஏற்ற அவ்வடிவமே விடையை வழியினின்று பிரித்துவிட்டது. இன்று பயிற்சி நூலின் கடைசித் தாளில் விடை அச்சிட்டு வருவது அதன் வழித்தோன்றல் எனலாம்.

தமிழ் எழுத்தில் உள்ள குறை

அறிவியல் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி இக்குறையையே உடையது. கிருஷ்ணன் பிறந்த ஊரும், சந்திரசேகர் பரிசு பெற்ற ஆண்டும் மாணவர்க்குத் தெரியும். வினாடி வினாவில் சொல்லிப் பரிசும் பெறுவர். படிகம் ஏன் புரண்டது என்பது தெரியாது. சான்றோரின் பட்டங்களை அடுக்குவது அவர்களைப் போற்றுவது ஆகாது. கம்பன் பிறந்த ஊரை மட்டும் சொல்லிக் கொடுத்து, கவியைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பானது அது.

சொற்களிலும் கருத்து வேண்டும். மின்னழுத்தம் என்று வழங்குவதை ஆங்கிலத்தார் பொடென்ஷியல் என்பர். ஒரு பொருள் இருக்கும் நிலையால் பெறும் ஆற்றலுக்கும் அவர்கள் அதே சொல்லை அடையாக வைப்பர். தமிழில் அது நிலையாற்றல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே விளங்குகிறது. தமிழிலோ ஒன்று அழுத்தம், மற்றொன்று நிலை. காற்றின் அழுத்தமும் இடையே வந்து குழப்புகிறது. வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்றுவது எளிதன்று. மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒரு கணக்கைத் தமிழில் முதலிலிருந்து முடிவுவரை எழுதிப் பார்த்தவர்க்கே இக்குறை தட்டுப்படும். தட்டுப்பட்டால்தான் வகுப்பில் ஒரு வரி சேர்த்து விளக்கத் தோன்றும். கலைச்சொற் பட்டியல் செய்வோர் கணக்கும் செய்தல் வேண்டும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடுவதென 2009இல் முடிவாயிற்று. மொழி பற்றிய அவ்வாதத்தில் இரு தரப்பாரும் மிகுதியாகப் பேசினர். எம்மொழியில் கற்பிப்பது என்ற கேள்விக்கு இருந்த வேகம், எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்விக்கு இல்லை. விடையை மனனம் செய்விக்கும் பள்ளியில் தமிழும் அறிவைத் தாராது, ஆங்கிலமும் தாராது. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போனாலும் தேர்வு வளர்த்த பழக்கம் தானே போய்விடாது.

ஜாக்சன் நூலின் மேல் சாற்றத்தக்க குற்றம்

ஜாக்சனின் நூலையும் புகழ்ந்தே விட்டுவிடலாகாது. அதன் கணக்குகளைச் செய்வது வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. எத்தனை இரவு உறங்கவில்லை என்று பெருமை பேசும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. கணக்கின் மிகுதியும் கணித வேலையின் நீளமும் சேர்ந்து, இயற்கையை நோக்கவேண்டிய கண்ணைத் தாளிலேயே கட்டிவிடுகின்றன. ஒரு வாரத்துக்குள் முடிக்க இயலாத அளவு கணக்கு கொடுத்தால், நல்ல மாணவனும் பிறர் தீர்வை நாடுவான். படியெடுத்துக் கைமாறிவந்த தீர்வுகள் கணினி வந்தபின் எங்கும் கிடைக்கின்றன. இப்போது கேட்டவுடன் தீர்வெழுதித் தரும் இயந்திர மதியும் வந்துவிட்டது. நூலின் கடுமையே அதன் நோக்கத்தைக் கெடுக்கும் நிலை இது. ஐம்பது கணக்கைப் பார்த்து எழுதுவதினும் ஐந்து கணக்கைத் தானே செய்து, ஒவ்வொன்றையும் மூன்று வழியில் சோதிப்பது நன்று.

தீர்வைப் பார்ப்பதே தீது என்பதும் பொருந்தாது. சந்திரசேகரும் நியூட்டனின் தீர்வைப் பார்த்தார். எப்போது பார்த்தார் என்பதில் இருக்கிறது வேறுபாடு. முயன்று களைத்தவன் பார்க்கும் தீர்வு உரையாகும். முயலாதவன் பார்க்கும் தீர்வு திரையாகும்.

நூலின் இறுதி இயலில் ஜாக்சன் ஒன்றை மறைக்காமல் காட்டுகிறார். முடுக்கம் பெறும் மின்துகள் கதிர்வீசி ஆற்றலை இழக்கும். தன் புலம் தன்னையே தாக்கும். புள்ளி எனக் கொள்ளப்பட்ட துகளுக்கு இதைக் கணக்கிடப் புகுந்தால், செவ்வியல் கொள்கைக்குள் முழு நிறைவு தரும் விடை கிட்டுவதில்லை. முதல் இயலில் புள்ளியில் ஒளிந்த மின்னூட்டம் கடைசி இயலில் பெரும் சிக்கலாக எழுந்து நிற்கிறது. விடைநூலை நம்பியவனுக்கு இவ்விடத்தில் கைப்பிடி இல்லை. வழியில் பழகியவனே மேலே நடக்க முடியும்.

செய்யத்தக்கது

மலாக்காவில் புக்கிட் பெருவாங் என்னும் ஊர் உண்டு. கரடிக் குன்று என்பது அப்பெயரின் பொருள். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் இன்று அங்கே இருக்கிறது. மின்னணுப் பொறியியல் பயில வருவோர் மின்காந்தவியலைக் கற்றே ஆகவேண்டும். அதே மாநிலத்தில் தமிழர் மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவினர். கத்தி ஆழம் குறைந்தால் பால் வாராது. ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். அவ்வளவை எவரும் சொல்லால் கற்கவில்லை. மரத்துக்கு மரம் கைவைத்துக் கற்றனர். அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று கணக்குத் தாளின் முன் அமரும்போது வேண்டப்படுவதும் அத்தகைய கைப்பழக்கமே.

அதற்கு வித்திடும் இடம் தமிழ்ப்பள்ளி. ஆசிரியர்கள் செய்யக்கூடியவை மூன்று. கணக்கின் விடையைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிட்டு, வழியை மட்டும் கேட்பது ஒன்று; விடைக்கு மதிப்பெண் இல்லை என்று ஆனவுடன் பார்த்து எழுதுவதற்குக் காரணமும் இல்லாது போகும். முடித்த கணக்கை வேறு வழியில் சோதித்துக் காட்டச் சொல்வது இரண்டு. தவறாகச் செய்த மாணவனையே அழைத்து, எந்தப் படியில் வழி பிசகியது என்பதை வகுப்புக்கு விளக்கச் செய்வது மூன்று. நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அவனுக்கே கிட்டட்டும்.

எழுத்தாளர்க்கும் ஒரு கடன் உண்டு. தமிழ் அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் செய்த ஒரு கணக்கையேனும், ஒரு சோதனையையேனும் வாசகன் தானே செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கி எழுத வேண்டும். பத்துப் பட்டங்களைச் சொல்வதினும் புரண்ட ஒரு படிகத்தைக் காட்டுவது அவ்வறிஞருக்குச் செய்யும் உண்மையான சிறப்பு. படிப்பவருள் ஒருவனாவது தாளை எடுத்து, ஆரம் பத்தும் தூரம் இருபதும் ஆன கோளத்தை வரைந்து, பரப்பில் வேறொரு புள்ளியைத் தேர்ந்து, அங்கும் சுழி வருகிறதா என்று பார்ப்பானாயின், எழுதியதன் பயன் அங்கே நிறைவேறும்.